வீட்டில் சமைத்தும் சிக்கன் செலவு குறையவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியே சாப்பிடுவதை நிறுத்தியாயிற்று, வீட்டில்தான் சமைக்கிறோம், ஆனாலும் சிக்கன் செலவு மட்டும் ஏன் இறங்க மாட்டேன் என்கிறது? இதை என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. நானும் ஒரு காலத்தில் புலம்பியவன்தான். அப்புறம் சமையலறையில் ஒரு சின்னத் தராசை வைத்து, வாங்கியது எவ்வளவு, தட்டுக்கு வந்தது எவ்வளவு, குப்பைக்குப் போனது எவ்வளவு என்று சில மாதம் எழுதிப் பார்த்தேன். கடையில் விலை பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் குப்பைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே இருக்கும் பதில்கள் எல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை.

முழுக்கோழி வாங்குவது மலிவா, வெட்டிய துண்டுகள் மலிவா?

முழுக்கோழிதான் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. உரித்துச் சுத்தம் செய்த ஒரு கோழியை எடை போட்டேன், சரியாக 1.8 கிலோ. வெட்டிப் பிரித்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன்: தோல் இல்லாத நெஞ்சுக்கறி இரண்டும் சேர்த்து 480 கிராம், தொடையும் காலும் எலும்போடு 580 கிராம், இறக்கைகள் 190, முதுகும் விலாவும் கழுத்துமாக எலும்புக்கூடு 430, தனியாகக் கிடந்த தோலும் கொழுப்பும் 100. மீதி 20 கிராம் பலகையில் வழிந்த நீர்.

இப்போது கணக்கு. முழுக்கோழி கிலோ 100 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும்), இந்தக் கோழிக்கு 180 கொடுத்திருப்போம். காலிலும் தொடையிலும் எலும்பையும் தோலையும் எடுத்துவிட்டால் 580 கிராம் கிட்டத்தட்ட 380 ஆகிவிடும். அதோடு நெஞ்சுக்கறி 480 சேர்த்தால் 860 கிராம் கறி. இறக்கையையும் எலும்புக்கூட்டையும் தூக்கிப் போட்டுவிட்டால், அந்த 860 கிராமுக்கு 180 கொடுத்திருக்கிறோம், அதாவது கிலோ ஏறக்குறைய 210. கடையில் போன்லெஸ் கிலோ 180க்குக் கிடைத்தால் அதுவே மலிவு! ஆனால் இறக்கையைச் சமைத்து, எலும்புக்கூட்டை வேகவைத்து அதில் ஒட்டியிருக்கும் கறியையும் உதிர்த்து எடுத்தால் இன்னும் ஒரு 200 கிராம் சேரும், கிலோ 170க்கு இறங்கிவிடும், எலும்புச் சாறு அதற்கு மேல் இலவசம்.

அதனால் நான் கடையில் நின்று மனதுக்குள் போடும் கணக்கு இதுதான். போன்லெஸ் விலை முழுக்கோழி விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், யோசிக்காமல் முழுக்கோழி. ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் இருந்தால் போன்லெஸ். இடையில் இருந்தால், எலும்பை நாம் உண்மையிலேயே பயன்படுத்துவோமா என்று நம்மை நாமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தங்களிடமே பொய் சொல்கிறார்கள்.

எனக்கு முழுக்கோழியை வெட்டத் தெரியாதே?

முதல் தடவை இருபது நிமிடம் ஆகும், நான்காவது தடவை ஐந்து நிமிடம்தான். எலும்பை வெட்டுகிறோம் என்று நினைப்பதால்தான் பயம் வருகிறது. நாம் வெட்டுவது மூட்டை. கோழியை மல்லாக்க வைத்து, காலை வெளிப்பக்கம் இழுத்தால் காலுக்கும் உடலுக்கும் நடுவே தோல் விறைத்து நிற்கும், அந்தத் தோலை மட்டும் கீறுங்கள். பிறகு தொடையைக் கையால் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினால் மூட்டு 'டக்' என்று கழன்று வெள்ளையாக ஒரு குண்டு எலும்பு எட்டிப் பார்க்கும். அதைச் சுற்றிக் கத்தியை ஓட்டினால் கால் கையோடு வந்துவிடும். இறக்கையும் அதே மாதிரிதான். நெஞ்சுக்கறிக்கு, நடுவில் ஓடும் எலும்பின் ஒரு பக்கமாகக் கத்தி நுனியை இறக்கி, விலா எலும்பை உரசியபடியே வழித்துக்கொண்டு வர வேண்டும். எலும்பில் கொஞ்சம் கறி ஒட்டிக்கொண்டு போனால் கவலை வேண்டாம், அது எங்கேயும் போகாது, சூப்பில் திரும்பி வந்துவிடும்.

கத்தி பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, கூர்மையாக இருந்தால் போதும். மொட்டைக் கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும்.

எந்தப் பாகம் கொடுத்த காசுக்கு அதிகம் தரும்?

என் ஓட்டு தொடைக்கு. பல இடங்களில் நெஞ்சுக்கறியைவிடத் தொடையும் காலும் விலை குறைவு, ருசியோ அதிகம், கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டாலும் மன்னித்துவிடும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது: தோலோடும் எலும்போடும் இருக்கும் காலின் விலையை ஒன்றரையால் பெருக்கினால்தான் கறியின் உண்மையான விலை வரும். கிலோ 100 என்று ஒட்டியிருந்தால் நீங்கள் சாப்பிடும் கறி கிலோ 150. அந்தப் பெருக்கலைச் செய்த பிறகு நெஞ்சுக்கறியோடு ஒப்பிடுங்கள், சில வாரம் வித்தியாசமே இருக்காது.

ஈரல், பல கடைகளில் மிகவும் மலிவாகப் போகும். இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ-யும் நிறைந்தது. ஏ நிறைய இருப்பதாலேயே தினமும் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள்.

கழுத்து, முதுகு, பாதம் இவை கறிக்காக வாங்குபவை அல்ல. சாறுக்காக.

எடையில் தண்ணீர் சேர்த்து ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. கோழியை உரித்த பிறகு குளிர்விக்க வேண்டும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கிச் செய்கிறவர்களும் உண்டு, குளிர்காற்றில் தொங்கவிட்டுச் செய்கிறவர்களும் உண்டு. தண்ணீரில் முக்கினால் கொஞ்சம் நீர் தோலுக்கடியில் தங்கிவிடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கறி சாறாக இருக்க வேண்டும் என்று உப்புநீரை ஊசியால் ஏற்றி விற்பதும் நடக்கிறது, அதில்தான் கவனம் வேண்டும். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள்: சிக்கன் என்ற ஒரே வார்த்தைக்குப் பதிலாக சிக்கன், தண்ணீர், உப்பு, பாஸ்பேட் (கறியில் நீரைப் பிடித்து வைக்கச் சேர்ப்பது) என்று நீண்டுகொண்டே போனால், சிக்கன் விலையில் உப்புத் தண்ணீர் வாங்குகிறீர்கள்.

ஒருமுறை தள்ளுபடி என்று ஒரு கிலோ உறைந்த நெஞ்சுக்கறி வாங்கி, ஃப்ரிட்ஜில் வடிதட்டின் மேல் இளக வைத்தேன். காலையில் கீழே இருந்த பாத்திரத்தில் ஒரு டம்ளருக்கு மேல் நீர் நின்றது. அளந்து பார்த்தால் 230 மில்லி. தள்ளுபடி எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம், அதைவிடக் குறைவு. அன்றிலிருந்து புதிதாக ஒரு வகை வாங்கினால் முதல் பொட்டலத்தை இப்படி இளக்கி எடை பார்க்காமல் இரண்டாவது வாங்குவதில்லை.

மசாலா தடவி விற்கிறார்களே, அது நேரமும் பணமும் மிச்சம்தானே?

நேரம் மிச்சம். பணம் இல்லை. தடவியிருக்கும் மசாலாவையும் எண்ணெயையும் தயிரையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள், அதாவது சிக்கன் விலைக்கு மசாலா.

எலும்பை என்ன செய்வது? சூப்பு எல்லாம் வைத்தால் யார் குடிக்கிறார்கள்?

சூப்பாகக் குடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? எலும்புச் சாறு என்பது ருசியுள்ள தண்ணீர். நீங்கள் எங்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறீர்களோ, அரிசி வேக வைக்க, பருப்பு வேக வைக்க, குழம்பைத் தளர்த்த, காய் வதக்கும்போது அடிப்பிடிக்காமல் இருக்க, அங்கெல்லாம் இதை ஊற்றலாம். கறியே போடாத அன்றும் கறி வாசம் வரும். சிக்கன் செலவைக் குறைப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது, ஏனென்றால் மூன்றாம் நாள் கறி வாங்க வேண்டும் என்ற ஆசையே அடங்கிவிடுகிறது.

செய்முறை என்று சொல்ல ஒன்றுமில்லை. எலும்புக்கூடு, இறக்கை நுனி, தொடையிலிருந்து எடுத்த எலும்பு எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு மூழ்கும் அளவுக்கு மேல் கொஞ்சம் குளிர்ந்த நீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயை நன்றாகத் தணித்துவிடுங்கள். மேலே சாம்பல் நிறத்தில் நுரை வரும், கரண்டியால் எடுத்துப் போடுங்கள். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வரும் அளவுத் தீயில் 2 முதல் 3 மணி நேரம். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு கலங்கிவிடும், ருசிக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. பிரஷர் குக்கர் இருந்தால் முக்கால் மணி நேரம் போதும், நான் அப்படித்தான் செய்கிறேன். வெங்காயத்தின் அடிப்பகுதி, கேரட் தோல், கொத்தமல்லித் தண்டு மாதிரி வெட்டிப் போடுகிற சமாச்சாரங்களையும் சேர்க்கலாம், ஆனால் முட்டைக்கோஸ் குடும்பம் வேண்டாம், சாறு முழுவதும் அதன் நாற்றம்தான் நிற்கும். உப்பு இப்போது போடாதீர்கள். பின்னால் சுண்ட வைத்தால் கரிக்கும்.

வடிகட்டிய சாறு ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்தபின் அல்வா மாதிரி ஆடினால் வெற்றி. எலும்பிலும் மூட்டிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாகிவிட்டது என்று அர்த்தம். ஆடவில்லை என்றால் தண்ணீர் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான், கொட்ட வேண்டியதில்லை. பாதம் இரண்டு கிடைத்தால் சேர்த்துப் பாருங்கள், ஆட்டம் பலமாக இருக்கும்.

வேண்டாத அவசரம் ஒன்று இருக்கிறது. சுடச்சுட ஒரு பெரிய பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவது. நடுவில் சூடு இறங்கவே பல மணி நேரம் ஆகும், கிருமிக்குக் கொண்டாட்டம். தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, சிங்க்கில் குளிர்ந்த நீரை நிரப்பி அதில் உட்கார வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக் கட்டிகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டியபோது இரண்டு கட்டி எடுத்துப் போட்டால் போதும்.

சாப்பிட்டு வைத்த தட்டிலிருந்து எலும்பு பொறுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அவ்வளவு நேரம் கொதித்தால் கிருமி செத்துவிடும்தான், ஆனால் நான் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

தோலையும் கொழுப்பையும் தூக்கிப் போடத்தானே வேண்டும்?

வேண்டாம். தோலையும் மஞ்சள் கொழுப்பையும் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு சின்ன வாணலியில் மிகக் குறைந்த தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு உருகத் தொடங்கிவிடும், அரை மணி நேரத்தில் தோல் மொறுமொறுவென்று சுருங்கிப் பொன்னிற நெய் மாதிரி எண்ணெய் நிற்கும். வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் உருளைக்கிழங்கு வறுக்க, வெங்காயம் வதக்க, முட்டை பொரிக்க ஆகும். மொறுமொறு தோல் ஃப்ரிட்ஜ் வரைக்கும் போவதில்லை, உப்பு தூவினால் அடுப்படியிலேயே காலி. அளவோடு பயன்படுத்துங்கள், கொழுப்பு கொழுப்புதான். சாறு ஆறியபின் மேலே கட்டியாக நிற்கும் கொழுப்பும் இதே கணக்கில் சேரும்.

ஒரு கோழி நான்கு பேருக்கு எத்தனை வேளை வரும்?

மேலே சொன்ன 1.8 கிலோ கோழி எங்கள் வீட்டில் மூன்று வேளை. முதல் வேளை காலும் தொடையும் இறக்கையும், ஆளுக்கு ஒரு பெரிய துண்டும் கொஞ்சம் இறக்கையும். இரண்டாம் வேளை நெஞ்சுக்கறியை மெல்லிசாக நறுக்கி அதன் அளவுக்கு மேல் காய்கறியோடு வதக்கியது. மூன்றாம் வேளை எலும்புக்கூட்டை வேகவைத்த சாறில் உதிர்த்த கறியும் பருப்போ உருளைக்கிழங்கோ போட்டுக் கெட்டியாக. வரிசை முக்கியம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் துண்டுகளை முதல் நாளே கொடுத்துவிட்டால், மறுநாள் சின்னத் துண்டு வந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை.

முழுசாக ஓவனில் சுட்டு மேசையில் வைத்தால்? ஒரே வேளையில் காலி. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், இரண்டு தடவை.

கறியைக் குறைத்தால் வீட்டில் முகம் சுளிக்கிறார்களே?

துண்டாகப் போட்டுக் குறைத்தால் சுளிக்கத்தான் செய்வார்கள். நான்கு துண்டு வந்த தட்டில் மூன்று வந்தால் எல்லோருக்கும் எண்ணத் தெரியும். எண்ண முடியாத வடிவத்தில் போடுங்கள். வேகவைத்து நாராக உதிர்த்த 300 கிராம் கறி ஒரு சட்டிச் சோறு முழுக்கப் பரவிவிடும், ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு நார் வரும், அதே 300 கிராம் துண்டாக இருந்தால் ஆளுக்கு இரண்டே வாய். கொத்துக்கறியாக்கிப் பொடியாக நறுக்கிய காளானோ வேகவைத்த பருப்போ மூன்றில் ஒரு பங்கு கலந்தால் நான் சொல்லாமல் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாதிக்குப் பாதி கலந்தபோது கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னொன்று, கறியை முதலில் சூடான சட்டியில் கிளறாமல் விட்டு நன்றாகச் சிவக்க வைத்து எடுத்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கொஞ்சம் சாறு ஊற்றிச் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். குழம்பின் கறி ருசி பெரும்பாலும் அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. கறி பாதியாக இருந்தாலும் ருசி பாதியாகத் தெரியாது. நிறையப் பேர் சட்டியை நிரப்பிக் கறியைக் கொட்டுவதால் அது சிவக்காமல் தன் நீரிலேயே வெந்துவிடுகிறது, அப்புறம் ருசி போதவில்லை என்று அடுத்த முறை இன்னும் அரைக் கிலோ அதிகம் வாங்குகிறார்கள்.

புரதம் குறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு: சமைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதம் இருக்கிறது. பருப்பும் முட்டையும் சேரும்போது கறி குறைந்ததை அவை ஓரளவு ஈடுகட்டிவிடும்.

தள்ளுபடி வரும்போது மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் போட்டு வைக்கலாமா?

போடலாம், போட்டதை எடுத்துச் சமைப்பீர்கள் என்றால். என் ஃப்ரீசரில் ஒருமுறை ஐந்து கிலோ தொடை இருந்தது. வாங்கி வந்த பைகளோடு அப்படியே உள்ளே தள்ளியிருந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பாறை. நான்கு துண்டு வேண்டுமென்றால் ஐந்து கிலோவையும் இளக்க வேண்டும். சுத்தியலும் உளியும் எடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், எடுத்தேன். பை கிழிந்து ஓரம் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து போனது. அது கெட்டுப்போனது அல்ல, காற்றுப் பட்டு ஈரம் போனது, சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அட்டையைக் கடிக்கிற மாதிரி இருக்கும்.

இப்போது வாங்கி வந்ததும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிவிடுகிறேன். ஒரு வேளைக்கு எவ்வளவோ அந்த அளவாகப் பையில் போட்டு, கையால் தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, தட்டில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுக்க வைத்து உறைய விடுவேன். தட்டையான பை சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், உறைந்தபின் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கலாம். பையில் எந்தப் பாகம், எத்தனை கிராம், எந்தத் தேதி என்று எழுதியே ஆக வேண்டும். உறைந்தபின் எல்லாப் பையும் ஒரே மாதிரிதான் இருக்கும், 'எனக்கு ஞாபகம் இருக்கும்' என்று நினைப்பது வீண்.

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் உறைந்தே இருந்தால் பாதுகாப்பு என்ற அளவில் காலக்கெடு கிடையாது, ருசிக்குத்தான் கெடு. முழுக்கோழி ஒரு வருடம், வெட்டிய துண்டு 9 மாதம், சமைத்த சிக்கன் 2 முதல் 6 மாதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நான் மூன்று மாதத்துக்கு மேல் எதையும் விட்டு வைப்பதில்லை, ஏனென்றால் மூன்று மாதமாகத் தேவைப்படாததை வாங்கியதே தப்பு.

உறைந்ததை எப்படி இளக்குவது? சமைக்காமல் மறுபடி உறைய வைக்கலாமா?

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அடியில் ஒரு பாத்திரம் வைத்து, முந்தின நாளே. தட்டையான பை ஒரே ராத்திரியில் இளகிவிடும், முழுக்கோழிக்கு ஒரு நாள் முழுசாக வேண்டும். அவசரம் என்றால் பையை இறுக மூடிக் குளிர்ந்த நீரில் முக்கி, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள், அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் தயார். மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவது வேண்டாம்.

ஃப்ரிட்ஜிலேயே இளகியது என்றால் சமைக்காமல் மறுபடி உறைய வைக்கலாம், கொஞ்சம் சாறு இழக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த நீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியது என்றால் முதலில் சமைத்துவிட்டு அப்புறம்தான் உறைய வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல கறியைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்?

4 டிகிரிக்குக் கீழே இருந்தால் பச்சைக் கறி 1, 2 நாள். சமைத்தது 3, 4 நாள். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

லேசாக வாடை வருகிறது, நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டுவிடலாமா?

கூடாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஒரு கிலோ சிக்கன் விலை பெரிதா, மருத்துவர் செலவு பெரிதா என்று பாருங்கள்.

சமைக்கும் முன் கழுவ வேண்டுமா?

கிருமி போகும் என்று கழுவினால், போகாது. தண்ணீர் தெறித்து சிங்க், பக்கத்தில் இருக்கும் தட்டு, நறுக்கி வைத்த காய் எல்லாவற்றுக்கும் கிருமி பரவுகிறது, அதனால்தான் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் பல கழுவாதீர்கள் என்கின்றன. கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் கிருமி செத்துவிடும். கழுவாமல் மனசு கேட்காது என்றால் ஓடும் குழாய்க்கு அடியில் காட்டாமல், பாத்திர நீரில் தெறிக்காமல் அலசி, சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

நெஞ்சுக்கறி எப்போதும் காய்ந்துபோகிறது, இதற்கும் செலவுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். எலும்பில்லாத கறி சரியாக வெந்தாலே எடையில் கால்வாசி நீராகப் போய்விடும். கூடுதலாக வேகவிட்டால் இன்னும் போகும், தட்டில் சுருங்கிய துண்டு நிற்கும், பாதி பேர் ஒதுக்கி வைப்பார்கள். வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், நான் சமையலறைக்கு வாங்கியதில் போட்ட காசைத் திருப்பிக் கொடுத்தது அதுவும் தராசும்தான். நெஞ்சுக்கறியின் தடித்த இடத்தில் குத்தி 74 காட்டியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தொடைக்கு நேர்மாறு: 74இல் சாப்பிடலாம், ஆனால் 80க்கு மேல் போனால்தான் உள்ளே இருக்கும் சவ்வு கரைந்து மெத்தென்று ஆகும். இரண்டையும் ஒரே சட்டியில் ஒரே நேரம் போட்டால் ஒன்று கெட்டுத்தான் ஆக வேண்டும், தொடையை முதலில் போடுங்கள்.

அப்புறம் உப்பு. கிலோவுக்குச் சுமார் 10 கிராம் உப்பை முந்தின இரவே தடவி ஃப்ரிட்ஜில் வைத்தால், உப்பு உள்ளே இறங்கிக் கறி தன் நீரை அதிகம் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டில் பணம் கொடுத்து வாங்கும் உப்புநீர் வித்தையை வீட்டில் செலவில்லாமல் செய்துகொள்வதுதான் இது. எலுமிச்சை, வினிகர் மாதிரி புளிப்பில் ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள், மேற்புறம் மாவு மாதிரி ஆகிவிடும்.

எரிபொருள் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

ஓவன் பயன்படுத்தினால் கண்டிப்பாக. ஒரே ஒரு கோழித் துண்டுக்காகப் பெரிய ஓவனைச் சூடாக்குவது பேருந்தை வாடகைக்கு எடுத்து ஒற்றை ஆளாகப் போகிற மாதிரி. ஓவன் எரியும்போது இரண்டாவது தட்டில் கிழங்கோ காயோ உள்ளே போகட்டும். முழுக்கோழியைச் சுடுவதாக இருந்தால் கத்தரியால் முதுகெலும்பை வெட்டி எடுத்து, தட்டையாக அழுத்திச் சுடுங்கள், நேரம் நன்றாகக் குறையும், முதுகெலும்பு சாறுக்கு ஆயிற்று. அடுப்பில் என்றால் மூடி போட்டுச் சமையுங்கள்.

முட்டையிட்டு ஓய்ந்த கோழி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பொறுமையும் குக்கரும் இருந்தால் வாங்கலாம். வறுவலுக்கு ஆகாது, ரப்பர்தான். ஆனால் வயதான கோழியின் சாறு ருசிக்குப் பக்கத்தில் இளங்கோழி நிற்க முடியாது. குக்கர் இல்லாமல் சமைத்தால் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும், எரிபொருளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தனி ஆள். எனக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

ஒரு மாற்றத்தோடு ஒத்துவரும். தனி ஆளுக்கு எதிரி விலை அல்ல, சலிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய சட்டிக் குழம்பு வைத்தால் புதன்கிழமை அதைப் பார்க்கவே பிடிக்காது, வியாழன் வெளியே சாப்பிடப் போய்விடுவோம், வெள்ளி குழம்பு குப்பைக்கு. அதனால் ஒரு கிலோ தொடையை வெறும் உப்புப் போட்டு வேகவைத்து, உதிர்த்து, 150 கிராம் பொட்டலங்களாக உறைய வையுங்கள், வேகவைத்த நீரைத் தனியாக. மசாலா எதுவும் வேண்டாம். ஒரு நாள் முட்டையோடு, ஒரு நாள் ரொட்டிக்குள், ஒரு நாள் அந்த நீரிலேயே நூடுல்ஸ். சுவை முடிவாகாத கறிக்குச் சலிப்பு வருவதில்லை. பொட்டலத்தில் தேதி எழுத மட்டும் மறக்காதீர்கள், பேனாவை ஃப்ரீசர் கதவிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.